பில் யார் தலையில்? ஐரோப்பிய முற்போக்குக் கட்சிகளுக்கு அடுத்த வேலை

“காலநிலை, பன்மைத்துவம் என்று பேசிப் பேசியே ஐரோப்பிய இடதுசாரிகளும் பசுமைக் கட்சிகளும் வலதுசாரிகளிடம் தோற்றுவிட்டார்கள் என்கிறார்கள். இந்த இரண்டையும் கொஞ்ச காலம் பரணில் போட்டுவிட்டு வாடகை, விலைவாசி, சம்பளம் என்று மட்டும் பேசினால் போதாதா? இனி அவர்கள் எதற்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும்?” என்பது கேள்வி.

பரணில் போடத் தேவையில்லை, போடவும் முடியாது என்பது என் பதில். காலநிலையைப் பற்றிப் பேசியதற்காக யாரும் அவர்களைத் தோற்கடிக்கவில்லை. அதற்கான பில் எந்த வீட்டு முகவரிக்குப் போனது என்பதில்தான் வினை இருந்தது. பன்மைத்துவத்திலும் இதே கோளாறுதான். சுவரொட்டியில் எல்லா நிறத்து முகங்களும் வந்தன, சம்பளப் பட்டியலில் பழைய வரிசை அப்படியே இருந்தது. வாடகையும் சம்பளமும் ஒரு பக்கம், காலநிலையும் பன்மைத்துவமும் இன்னொரு பக்கம் என்று பிரித்த பிரிப்பே தப்பு. நான்கும் ஒரே ஆளின் வாழ்க்கையில்தான் நடக்கின்றன.

முதலில் நிலவரம். 2019 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் 74 இடம் பிடித்த பசுமைக் குழு, 2024 ஜூனில் 53க்கு இறங்கியது. மொத்தம் 720 இடங்களில் ஹங்கேரியின் ஓர்பான், பிரான்ஸின் லெ பென் ஆகியோரின் தீவிர வலதுசாரிக் கட்சிகள் அடங்கிய குழு மட்டும் 84 இடங்களோடு மூன்றாவது பெரிய அணியாக வந்து உட்கார்ந்தது. அரசியலில் இது தோல்விதான். ஆனால் வேலை நின்றுவிடவில்லை. 2019 டிசம்பர் 11 அன்று ஐரோப்பிய ஆணையத் தலைவர் ஊர்சுலா ஃபொன் டெர் லையன் பசுமை ஒப்பந்தம் என்ற காலநிலைத் திட்டத்தை அறிவித்தார். 2021இல் வந்த காலநிலைச் சட்டம், 1990ஆம் ஆண்டு அளவோடு ஒப்பிட்டு 2030க்குள் உமிழ்வை 55 சதவீதம் குறைக்க வேண்டும், 2050க்குள் நிகர பூஜ்யத்தை (வெளியிடும் அளவும் உறிஞ்சப்படும் அளவும் சமமாவதை) எட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. 2023 வாக்கில் 37 சதவீதம் குறைந்திருந்தது. 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிலக்கரியைவிட சூரிய ஒளியிலிருந்து அதிக மின்சாரம் வந்தது. இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை. மின் நிலையத்திலும் தொழிற்சாலையிலும் நடந்த மாற்றம் பெரும்பாலான மக்களின் வீட்டு வாசலுக்கு வரவில்லை, அதனால் சண்டையும் அவ்வளவாக வரவில்லை. அடுத்து மாற வேண்டியவை வீடு, கார், வயல். அங்கேதான் தீப்பிடித்தது.

முதல் தீ 2018இல் பிரான்ஸில். 2019 ஜனவரியிலிருந்து டீசலுக்கு லிட்டருக்கு 6.5 சென்ட், பெட்ரோலுக்கு 2.9 சென்ட் கூடுதல் வரி என்று அரசு சொன்னது. கேட்டால் சில்லறைக் காசுதான். ஆனால் பேருந்தே வராத சின்ன ஊரிலிருந்து தினமும் காரில் வேலைக்குப் போகிறவருக்கு அது மாதக் கடைசியில் உறைத்தது. அதே 2018இல்தான் மக்ரோன் அரசு பெரும் பணக்காரர்கள் மீதிருந்த பழைய சொத்து வரியை எடுத்துவிட்டு, அசையாச் சொத்துக்கு மட்டும் வரி என்று சுருக்கியது. மேலே இருப்பவருக்குத் தள்ளுபடி, கீழே இருப்பவருக்குக் கூடுதல் வரி, கேட்டால் பூமியைக் காப்பாற்றுகிறோம் என்ற பதில். நவம்பர் 17 அன்று மஞ்சள் மேலங்கி மாட்டிக்கொண்டு மக்கள் சாலைச் சந்திப்புகளில் இறங்கினார்கள். டிசம்பரில் வரி உயர்வு கைவிடப்பட்டது. அந்தச் சந்திப்புகளில் நின்றவர்களில் பலர் காலநிலை மாற்றம் பொய் என்று சொன்னவர்கள் இல்லை. “ஏன் நாங்கள் மட்டும்?” என்று கேட்டவர்கள்.

ஜெர்மனி இதிலிருந்து பாடம் படித்திருக்கலாம், படிக்கவில்லை. 2023இல் பசுமைக் கட்சி அமைச்சர் ராபர்ட் ஹாபெக், புதிதாகப் பொருத்தும் வீட்டுச் சூடேற்றிகள் 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் ஓட வேண்டும் என்று ஒரு வரைவைக் கொண்டுவந்தார். வரைவு முடிவதற்குள் பத்திரிகைக்குக் கசிந்தது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர், பழைய வீட்டின் நிலவறையில் இருக்கும் கேஸ் பாய்லரைப் பார்த்து, அதற்குப் பதில் மின்சாரத்தில் ஓடும் ஹீட் பம்ப் சூடேற்றி வைக்கப் பல்லாயிரம் யூரோவுக்கு எங்கே போவது என்று கலங்கினார். செலவில் 70 சதவீதம் வரை மானியம் கிடைக்கும் என்ற ஏற்பாடு பிற்பாடு வந்தது. அதற்குள் காரியம் கெட்டுவிட்டது. சட்டத்தில் பெரிய குற்றம் இல்லை, வரிசையில்தான் குற்றம். பணம் முன்னால் வந்திருக்க வேண்டும், கட்டாயம் பின்னால்.

இதே வரிசைத் தப்பு இன்னும் பெரிய அளவில் காத்திருக்கிறது. 2005 முதல் மின் நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் இருந்துவரும் கார்பன் விலையை (வெளியிடும் கரியமில வாயுவுக்குக் கட்ட வேண்டிய விலையை) வீட்டுச் சூடேற்றத்துக்கும் சாலைப் போக்குவரத்துக்கும் நீட்டிக்க ஏற்கெனவே சட்டம் இருக்கிறது. 2027இல் தொடங்க வேண்டியதை 2028க்குத் தள்ளியிருக்கிறார்கள். பாதிக்கப்படும் குடும்பங்களுக்காக 2026 முதல் 2032 வரை 86.7 பில்லியன் யூரோ சமூகக் காலநிலை நிதி என்று ஒதுக்கீடும் உண்டு. அந்தப் பணத்தில் பல்கேரியாவின் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சுவர்க் காப்பும், ருமேனியாவின் ஒரு கிராமத்துக்குப் பேருந்தும் 2028க்கு முன்னால் வந்து சேர்ந்தால் இந்தத் திட்டம் பிழைக்கும். விலை முதலில் வந்து உதவி பின்னால் வந்தால் மஞ்சள் மேலங்கிக் கதை 27 நாடுகளில் நடக்கும். முற்போக்குக் கட்சிகளின் முதல் முன்னுரிமை எது என்று ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பார்க்கக் கவர்ச்சியே இல்லாத, நிர்வாகக் கோப்பில் நடக்கிற வேலை.

இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரே நாளில் நடந்த இரண்டு மூடல்களைப் பாருங்கள். தேதி 2024 செப்டம்பர் 30. இரண்டும் பிரிட்டனில், ஒன்றியத்தை விட்டு வெளியேறிய நாடு என்றாலும் ஐரோப்பா முழுவதற்கும் பாடம் இதில் இருக்கிறது.

முதலாவது, நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ராட்க்ளிஃப் ஆன் சோர் அனல் மின் நிலையம். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின் நிலையம் அது. 1882இல் லண்டனில் தொடங்கிய நிலக்கரி மின்சாரத்தின் 142 ஆண்டுக் கதை அங்கே முடிந்தது. கடைசியில் அங்கே வேலை பார்த்தவர்கள் சுமார் 170 பேர். நிலக்கரி மின்சாரத்துக்கு முடிவு வரப்போகிறது என்பதை 2015 நவம்பரிலேயே அரசு அறிவித்துவிட்டது. ஒன்பது ஆண்டு அவகாசம். யாருக்கு வேறு நிலையத்தில் இடம், யாருக்கு மறுபயிற்சி, யார் ஓய்வு பெறுகிறார்கள் என்றெல்லாம் தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. மூடிய அன்று ஆட்கள் கண் கலங்கினார்கள், ஆனால் தெருவில் நிற்கவில்லை.

இரண்டாவது, வேல்ஸில் உள்ள போர்ட் டால்பட். நம்ம டாட்டா ஸ்டீல் 2007இல் வாங்கிய உருக்காலை. அதே செப்டம்பர் 30 அன்று அதன் கடைசி ஊதுலை (நிலக்கரியைக் கொண்டு இரும்பு உருக்கும் பெரிய உலை) அணைக்கப்பட்டது. அதற்கு வெறும் எட்டு மாதம் முன்னால், ஜனவரியில்தான், பிரிட்டன் முழுக்க 2,800 வேலைகள் வரை போகும் என்று நிறுவனம் அறிவித்திருந்தது. ஊதுலைக்குப் பதில் பழைய இரும்பை உருக்கும் மின் உலை வரும். மொத்தச் செலவு 125 கோடி பவுண்ட், அதில் 50 கோடி அரசுப் பணம். கரியமில வாயு பெருமளவு குறையும் என்பது உண்மை. ஆனால் மின் உலைக்கு ஆட்கள் குறைவாகவே வேண்டும். பழையதை அணைப்பதற்கும் புதியதை ஏற்றுவதற்கும் நடுவே மூன்று ஆண்டு இடைவெளி வேறு. மின் உலை தயாராகும்வரை ஓர் ஊதுலையையாவது ஓட விடுங்கள் என்று தொழிற்சங்கங்கள் மாற்றுத் திட்டம் கொடுத்தன. ஆலை நாளொன்றுக்குப் பத்து லட்சம் பவுண்ட் நஷ்டத்தில் ஓடுகிறது என்று சொல்லி நிர்வாகம் அதை ஏற்கவில்லை. 2025 ஜூனில் வலதுசாரி ரிஃபார்ம் கட்சித் தலைவர் நைஜல் ஃபராஜ் அதே ஊருக்கு வந்து, ஊதுலைகளை மறுபடி ஏற்றுவோம், சுரங்கங்களைத் திறப்போம் என்று பேசினார். அணைந்து குளிர்ந்த ஊதுலையை மறுபடி ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு அவரைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் அந்தப் பேச்சுக்கு அங்கே இடம் இருந்தது. அவர்கள் நம்பும்படியான வேறு பதில் யாரிடமும் இல்லையே!

இரண்டு இடத்திலும் உமிழ்வு குறைந்தது. புள்ளிவிவரத் தாளில் இரண்டும் வெற்றிதான். ஓட்டுப் பெட்டியில் இரண்டும் ஒன்றல்ல.

சரியாகச் செய்த நாடு எது என்று கேட்டால் ஸ்பெயினைச் சொல்வேன். 2018 அக்டோபரில் பெத்ரோ சான்செஸ் அரசு, அமைச்சர் தெரேசா ரிபெரா முன்னிலையில், சுரங்கத் தொழிற்சங்கங்களோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பெரும்பாலான நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்படும். 48 வயது கடந்தவர்களுக்கு முன்கூட்டிய ஓய்வு. மற்றவர்களுக்கு மறுபயிற்சியும் சுரங்க நிலத்தைச் சீர்படுத்தும் வேலையில் முன்னுரிமையும். மொத்தம் 25 கோடி யூரோ. அடுத்த ஆண்டு ஏப்ரலில் தேர்தல் வந்தது. அஸ்தூரியாஸ் போன்ற சுரங்கப் பகுதிகளில் ஆளும் கட்சிக்கு அடி விழும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள், ஓட்டு சரியவில்லை. 25 கோடி யூரோ என்பது ஒரு நாட்டுக்குப் பெரிய தொகையே கிடையாது. முன்கூட்டியே உட்கார்ந்து பேசியதுதான் பெரிய விஷயம். ரிபெரா இப்போது பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையத்தின் செயல் துணைத் தலைவர். அவருடைய சுரங்க அனுபவம் அங்கே எவ்வளவு தூரம் எடுபடுகிறது என்பது வேறு கதை.

அப்புறம் பன்மைத்துவம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. ‘வேற்றுமையில் ஒற்றுமை’ என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ முழக்கம், 24 ஆட்சி மொழிகள், ஆண்டுதோறும் வானவில் கொடி. எல்லாம் நல்லதே. ஆனால் பிரஸ்ஸல்ஸில் அந்தக் கட்டடங்களைக் காலையில் துடைப்பவர்களின் தோல் நிறமும் மதியம் அங்கே பேசுபவர்களின் தோல் நிறமும் வேறு என்பதை அங்கே போன யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. மதம், ஊனம், வயது, பாலியல் சார்பு காரணமாக வேலைக்கு வெளியேயும், அதாவது வீடு வாடகைக்கு எடுப்பதில், மருத்துவமனையில், பள்ளியில், பாகுபாடு காட்டக் கூடாது என்ற ஒரு சட்ட முன்வரைவு 2008இல் வைக்கப்பட்டது. எல்லா உறுப்பு நாடுகளும் ஒருமனதாக ஒப்புக்கொண்டால்தான் நிறைவேறும் என்பதால் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. கொடி ஏற்றச் செலவு குறைவு, சட்டத்துக்குச் செலவு அதிகம்.

பன்மைத்துவத்தைப் பண்பாட்டு விஷயமாக மட்டும் பார்த்தால் கண்ணில் படாத ஒன்று இருக்கிறது. வெயில் முதலில் யார் மீது விழுகிறது? 2022 கோடையில் மட்டும் ஐரோப்பாவில் 61,000 பேருக்கு மேல் வெப்பத்தால் இறந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பெரும்பாலோர் முதியவர்கள், அவர்களிலும் பெண்களே அதிகம். ஆனால் அந்த ஜூலையில் மாட்ரிட்டின் வல்லேகாஸ் பகுதியில் மதிய ஷிப்டில் தெருவைக் கூட்டிக்கொண்டிருந்த 60 வயதுத் தூய்மைப் பணியாளர் ஒருவரும் சுருண்டு விழுந்து இறந்தார். ஒரு மாத ஒப்பந்தத்தில் வந்தவர். போட்டிருந்தது பாலியெஸ்டர் சீருடை. அதற்குப் பிறகுதான் வெப்ப எச்சரிக்கை நாட்களில் மதிய வேலையை மாற்ற நகரில் ஒப்பந்தம் போட்டார்கள். 2023 மே மாதம், வானிலைத் துறை ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை விடுத்தால், தொழிலாளியைப் பாதுகாக்க வேறு வழியில்லாத வெளிப்புற வேலைகளின் நேரத்தை மாற்றியோ குறைத்தோ ஆக வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அவசரச் சட்டம் வந்தது. ஓர் உயிர் போய்ச் சட்டம் வந்தது என்பது நமக்கும் பழகிய கதைதான். ஒன்றியம் முழுவதற்கும் வேலையிடத்தில் உச்சபட்ச வெப்பம் இவ்வளவு என்று ஒரு சட்டம் வேண்டும் என ஐரோப்பியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு கேட்டுக்கொண்டிருக்கிறது. இது காலநிலைக் கோரிக்கையா, தொழிலாளர் கோரிக்கையா? பிரித்துச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

இத்தாலியின் லத்தீனா மாவட்டத்தில் 2024 ஜூனில் நடந்தது இன்னும் கொடுமை. அங்கே காய்கறி, பழப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான பஞ்சாபிகள் வேலை செய்கிறார்கள். உரிய ஆவணம் இல்லாமல் வேலை பார்த்த 31 வயது இந்தியர் ஒருவரின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல், அவரை அவர் வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போனார்கள். துண்டான கையைப் பழக்கூடையில் போட்டிருந்தார்கள். இரண்டு நாளில் அவர் இறந்தார். குடியேற்றக் கொள்கை என்றாலே எல்லைச் சுவரையும் படகையும் பேசுகிறார்கள். ஏற்கெனவே உள்ளே இருந்து ஐரோப்பாவின் தக்காளியைப் பறிப்பவருக்கு ஆம்புலன்ஸைக் கூப்பிடும் தைரியம்கூட இல்லை என்பதுதான் அதன் முக்கால் பங்கு. 2024இல் நிறைவேறி 2026 ஜூன் முதல் அமலாகும் குடியேற்ற ஒப்பந்தமும் பெரிதும் எல்லையைப் பற்றியதுதான். ஆவணம் இல்லாத தொழிலாளி முதலாளி மீது புகார் கொடுத்தால் நாடு கடத்தப்பட மாட்டார் என்ற ஒரே ஓர் உறுதி எத்தனையோ பன்மைத்துவக் கருத்தரங்குகளுக்குச் சமம்.

இங்கே எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்லியாக வேண்டும். டென்மார்க்கின் சமூக ஜனநாயகக் கட்சி வேறு வழியில் போனது. மெட்டே ஃப்ரெடெரிக்சன் தலைமையில், குடியேற்றத்தில் வலதுசாரிகளுக்கு இணையான கடுமை, நலத்திட்டத்தில் இடதுசாரி என்ற கலவை. 2019இல் ஆட்சியைப் பிடித்தார்கள், 2022இல் 27.5 சதவீதம் ஓட்டு வாங்கினார்கள். எனவே அது எடுபடவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதற்குக் கொடுத்த விலையும் தெரிய வேண்டும். மேற்கத்தியர் அல்லாத பின்னணி கொண்டவர்கள் எத்தனை பேர் வசிக்கிறார்கள் என்று எண்ணி, அதை வைத்துக் குடியிருப்புகளை இடிக்கவும் விற்கவும் வழி செய்யும் 2018ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்தக் கட்சி ஆதரித்தது. 2025 நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில், தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த கோபன்ஹேகன் மேயர் பதவி அவர்களிடமிருந்து போனது. போனது வலதுசாரிகளிடம் இல்லை, அவர்களுக்கும் இடப்பக்கம் நிற்கும் ஒரு பசுமை இடதுசாரிக் கட்சியிடம்.

ஜெர்மனியில் இதற்கு நேர்மாறான சோதனை நடந்தது. 2024 கடைசியில் ‘டீ லிங்கே’ இடதுசாரிக் கட்சி கருத்துக்கணிப்புகளில் 3 சதவீதத்தில் கிடந்தது. செத்த கட்சி என்றே பலர் எழுதினார்கள். அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். வாடகை சட்ட வரம்பைத் தாண்டுகிறதா என்று பார்க்க ஓர் ஆப், வீட்டுச் சூடேற்றக் கணக்கைச் சரிபார்க்க இன்னொன்று. ஆண்டுக் கடைசியில் வீட்டு உரிமையாளர் அனுப்பும் அந்தக் கணக்குத் தாளைப் படித்துப் புரிந்துகொள்வது லேசுப்பட்ட காரியம் இல்லை. மொழி சரியாகத் தெரியாதவருக்குச் சொல்லவே வேண்டாம். கட்சிக்காரர்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டி, அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார்கள். கூடவே, குடியேறிகள் விஷயத்தில் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. 2025 ஜனவரியில் தீவிர வலதுசாரி ஓட்டோடு குடியேற்றத் தீர்மானம் நிறைவேறியபோது அக்கட்சியின் ஹைடி ரைஷினெக் நாடாளுமன்றத்தில் வெடித்துப் பேசிய பேச்சு நாடெங்கும் பரவியது. பிப்ரவரி 23 தேர்தலில் 8.8 சதவீதம். பெர்லினில் முதலிடம். துருக்கியரும் அரபுகளும் நெருக்கி வாழும் நொய்கோல்ன் தொகுதியில் ஃபெரட் கோசாக் நேரடியாக ஜெயித்தார். பழைய மேற்கு ஜெர்மனிப் பக்கத் தொகுதி ஒன்றை அந்தக் கட்சி பிடித்தது அதுவே முதல் முறை. 8.8ஐ வைத்துக்கொண்டு யாரும் ஆட்சி அமைக்க முடியாது, அதே தேர்தலில் தீவிர வலதுசாரிக் கட்சியான ஏஎஃப்டி 20.8 வாங்கியது என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் வாடகையைப் பேச வேண்டுமானால் குடியேறியைக் கைவிட வேண்டும் என்ற வாதம் நொய்கோல்னில் அடிபட்டுப் போயிற்று.

நம்மவர் ஒருவரின் பெயரும் இங்கே வரும். கம்சாயினி குணரட்ணம், யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் நோர்வே போனவர். 2011 ஜூலை 22 அன்று, உட்டோயா தீவில் தொழிற்கட்சி இளைஞர் முகாமில் 69 பேரின் உயிரைப் பறித்த இனவெறியனிடமிருந்து ஏரியில் நீந்தித் தப்பினார். 2015இல் ஒஸ்லோவின் துணை மேயர், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினர். அவரை வெறும் அடையாளச் சின்னமாகக் கொண்டாடிவிட்டுப் போகிறவர்கள் அவர் இருந்த நகர நிர்வாகம் என்ன செய்தது என்று பார்ப்பதில்லை. தொழிற்கட்சி, பசுமைக் கட்சி, சோசலிச இடதுசாரிகள் சேர்ந்த அந்தக் கூட்டணி, பணத்துக்கு பட்ஜெட் போடுவது போலவே உமிழ்வுக்கும் பட்ஜெட் போட ஆரம்பித்தது. எந்தத் துறை எவ்வளவு குறைக்க வேண்டும் என்ற கணக்கு நிதிப் பிரிவின் மேசைக்கே வந்தது. நகர மையத்தில் சுமார் 700 கார் நிறுத்துமிடங்களை எடுத்துவிட்டுச் சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் கொடுத்தார்கள். 2019இல் ஒஸ்லோவின் சாலைகளில் பாதசாரி, சைக்கிள்காரர் ஒருவர்கூட இறக்கவில்லை. எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. அதே ஆண்டு சாலைச் சுங்கத்தை எதிர்ப்பதற்கென்றே ஒரு கட்சி கிளம்பி, பெர்கன் நகரில் 16 சதவீதத்துக்கு மேல் வாங்கியது. 2023இல் ஒஸ்லோவும் வலதுசாரிகளிடம் போனது. இதையெல்லாம் செய்த நாடு எண்ணெயும் எரிவாயுவும் விற்றுத்தான் பணக்கார நாடானது என்பதை நோர்வேக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள்.

வீட்டு விஷயத்துக்கு வருவோம். ஜெர்மனியில் வீட்டுக்காரர் சுவர்க் காப்பு போட்டால், அந்த மேம்பாட்டுச் செலவில் ஆண்டுக்கு 8 சதவீதத்தை வாடகையில் ஏற்றிக்கொள்ளலாம். உச்சவரம்பு உண்டு, ஆனால் ஏற்றிய வாடகை இறங்காது. செலவை எடுத்து முடித்த பிறகும் அப்படியே நிற்கும். ஆக, வாடகைக்காரருக்குக் காலநிலை நடவடிக்கை என்பது வீடு காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் மாதிரி வருகிறது. வியன்னாவில் நகராட்சிக்கே சுமார் 2,20,000 வீடுகள் சொந்தம். அங்கே கேஸை எடுப்பதும் காப்பு போடுவதும் நகராட்சியின் தலைவலி, குடியிருப்பவரின் தலைவலி குறைவு. இந்த வித்தியாசத்தை நான் மிகப் பெரிதாக நினைக்கிறேன். நெதர்லாந்தில் பசுமை ஒப்பந்தத்தின் சிற்பியான ஃப்ரான்ஸ் டிம்மர்மான்ஸ் 2023, 2025 என இரண்டு தேர்தலிலும் தோற்றார். முன்னாள் காலநிலை அமைச்சர் ராப் யெட்டனோ 2025 அக்டோபரில் தன் கட்சியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். அவருடைய முக்கிய வாக்குறுதி பத்துப் புதிய நகரங்கள். இரண்டு பேரும் காலநிலைக்காரர்கள்தான். ஒருவர் வீடு கட்டுகிறேன் என்றும் சேர்த்துச் சொன்னார். (யெட்டன் கட்சி இடதுசாரி அல்ல, நடுநிலைத் தாராளவாதக் கட்சி. அதனால்தான் இடதுசாரிகளுக்கு இது இன்னும் உறுத்த வேண்டும்.)

பணம் எங்கே என்று கேட்பீர்கள். 2024 செப்டம்பரில் இத்தாலியின் முன்னாள் பிரதமர் மாரியோ டிராகி தந்த அறிக்கை, ஐரோப்பாவுக்கு ஆண்டுக்கு 750 முதல் 800 பில்லியன் யூரோ கூடுதல் முதலீடு தேவை என்றது. நாட்டின் மொத்த உற்பத்தியில் பற்றாக்குறை 3 சதவீதம், கடன் 60 சதவீதம் என்ற பழைய வரம்புக்குள் இதைச் செய்ய வழியில்லை. ஆனால் 2025இல் ராணுவச் செலவுக்கு அந்த வரம்பிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். ஜெர்மனியும் தன் அரசியல் சட்டத்திலிருந்த கடன் தடையைத் தளர்த்தி, உள்கட்டமைப்புக்கு 500 பில்லியன் ஒதுக்கி, அதில் 100 பில்லியனைக் காலநிலை நிதிக்குக் கொடுத்தது. விதி கல்லில் எழுதியது இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது. பிரான்ஸில் 10 கோடி யூரோவுக்கு மேல் சொத்துள்ளவர்களுக்கு ஆண்டுக்குச் சொத்தில் குறைந்தது 2 சதவீத வரி என்ற யோசனை 2025 பிப்ரவரியில் கீழவையில் ஜெயித்து, ஜூனில் செனட்டில் தோற்றது. மறுபடி மறுபடி வரும் என்று நினைக்கிறேன், வர வேண்டும்.

கடைசியாக, ஐரோப்பாவின் முன்னுரிமை நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்காக. 2013இல் வங்கதேசத்தின் டாக்கா அருகே ரானா பிளாசா என்ற ஆயத்த ஆடை ஆலைக் கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு, ஐரோப்பிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் அனுப்பும் ஆலைகளில் நடப்பதற்கும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2024இல் அது ஒன்றியச் சட்டமானது. அடுத்த ஆண்டே, நவம்பர் 13 அன்று, நடுநிலை வலதுசாரிகள் தீவிர வலதுசாரிகளோடு சேர்ந்து ஓட்டுப்போட்டு அதன் பல்லைப் பிடுங்கினார்கள். காலநிலைத் திட்டம் போட வேண்டிய கடமையும் அதோடு போனது. இதன் விளைவு பிரஸ்ஸல்ஸில் தெரியாது. திண்டுக்கல்லில் தெரியும். அங்கே 2022இல், ஓர் ஆலைப் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்களே முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஆலை நிர்வாகத்தோடும் எச் அண்ட் எம் போன்ற வெளிநாட்டு நிறுவனங்களோடும் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிராக ‘திண்டுக்கல் ஒப்பந்தம்’ போட்டது. ஆலையில் தப்பு நடந்து திருத்தாவிட்டால் வாங்குபவர் ஆர்டரைக் குறைக்க வேண்டும் என்று எழுதி வாங்கிய ஒப்பந்தம் அது. அந்தப் பெண்கள் பேரம் பேசி வாங்கியதை ஐரோப்பியச் சட்டம் எல்லா ஆலைக்கும் கட்டாயமாக்கியிருக்கலாம். எனவே ஐரோப்பாவில் இருக்கும் நம் ஆட்கள் ஓட்டுக் கேட்டு வரும் முற்போக்கு வேட்பாளரிடம் இந்தச் சட்டத்தைப் பற்றியும் கேளுங்கள். வாடகைக் கணக்குத் தாளையும் கையோடு காட்டுங்கள்.